வளி என்று எழுதியிருக்கலாம்

எங்கள் யாட்டில் ஒட்சிசனை யாரும் ஒட்சிசன் என்று சொல்வதில்லை. காத்து என்பார்கள். இரும்பு வெட்டுகிறவருக்கு இரண்டு குழாய்கள். ஒன்று காஸ், மற்றது காத்து. காலையில் களஞ்சியத்து யன்னலுக்கு வந்து, காத்து இரண்டு, காஸ் ஒன்று என்று கேட்பார்கள். நானும் துண்டுச் சீட்டில் அப்படியே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு சிலிண்டரை விடுவேன். பதினாறு வருடமாக எனக்கு இதுதான் வேலை. திருகோணமலை உள்துறைமுகக் கரையில், ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து பார்த்தால் துருப்பிடித்த தகரக் கூரைகளாகத் தெரிகிற இடத்தில், பழைய படகுகளையும் பார்ஜுகளையும் வெட்டித் துண்டாக்கும் யாட் ஒன்றில் நான் களஞ்சியக் காப்பாளர். காத்து என்ற சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதை ஒரு பலகையில் எழுதி மாட்டியது நான்தான். அதனால் ஒருவர் இறந்துபோனார். இன்னொருவர் மேல் பழி விழுந்தது. அந்தப் பழியை இறக்கி வைக்க நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். இறக்க முடியவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் வீணாக எதிர்பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

இருவரும் மச்சான்மார். கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் வசித்தவர்கள். ஒருவர் நெடுநெடுவென்று தென்னை ஏறாமலே தேங்காய் பறிக்கிற உயரம். மற்றவர் அவருடைய தங்கையைக் கட்டியவர், தோளளவுதான் வருவார். ஒருவரை ஒருவர் மச்சான், மச்சான் என்றே நாள் முழுக்கக் கூப்பிடுவதால் யாட்டில் எல்லோரும் அவர்களை நெட்டை மச்சான், கட்டை மச்சான் என்றுதான் சொல்வோம். கட்டை மச்சானுக்கு அந்தப் பெயரில் கோபம் இல்லை. படகின் எண்ணெய்த் தாங்கிக்குள் இறங்கக் கடவுள் தன்னைத்தான் அளவெடுத்துப் படைத்தார் என்றும், ஆனால் வெட்டும் கையை மட்டும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார் என்றும் சொல்லிச் சிரிப்பார். வெட்டுவது நெட்டை, வெளியே நின்று குழாயும் தண்ணீரும் மணல் வாளியும் பார்ப்பது கட்டை. ஒன்பது வருடம் அப்படித்தான் நடந்தது. ஒருவரை விட்டு மற்றவர் லீவு எடுத்ததை நான் கண்டதில்லை.

போன வருடம் புது வெட்டுக் கருவி வந்தது. ஒரு கைப்பிடி, அதில் செருகுவதற்கு நீண்ட இரும்புக் குழாய்க் குச்சிகள், குச்சிக்குள்ளே மெல்லிய கம்பிகள் நெருக்கி அடைத்திருக்கும். நுனியைப் பற்றரித் தகட்டில் உரசிப் பொறி எழுப்பி, கைப்பிடியை அழுத்தினால் ஒட்சிசன் குழாய்க்குள்ளால் பாய, அந்தக் குச்சியே எரியத் தொடங்கும். காஸ் சுடரால் வார்ப்பிரும்பை வெட்ட முடியாது, இது வெட்டும். துருவேறி இறுகின முளையைத் துளைக்கும். கொங்கிறீட்டைக்கூட உருக்கி ஓட்டை போடும். ஒரு குச்சி ஒரு நிமிடம்கூட நிற்காது. அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். பறக்கிற பொறியைப் பார்த்து ஆட்கள் அதற்குப் பூவாணம் என்று பெயர் வைத்தார்கள். நெட்டை மச்சான் முதன்முதலாக அதைப் பிடித்துக் கால் சாண் தடிப்பான இரும்பைத் துளைத்தபோது நான் களஞ்சியத்தை விட்டு வெளியே வந்து பார்த்தேன். முகமூடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவு நாளும் இரும்போடு மல்லுக்கட்டினோம், இனி இரும்பு நம்மைக் கண்டு பயப்படும் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கருவியோடு கொழும்பிலிருந்து ஒரு பாதுகாப்புத் தாள் வந்தது. ஆங்கிலம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம். அந்தத் தமிழைப் பார்க்க வேண்டுமே. “மூடிய வெளிகளில் போதிய வளியோட்டம் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். ஒட்சிசன் செறிவூட்டலுக்கு உட்பட்ட வளிமண்டலம் தவிர்க்கப்படல் வேண்டும்.” இப்படி நாற்பது வரி. தமிழில் பட்டம் எடுத்துவிட்டு, ஆசிரியர் நியமனம் கிடைக்கும் கிடைக்கும் என்று இருந்து, கடைசியில் ஒட்சிசன் சிலிண்டர் எண்ணுகிறவளாகப் போன எனக்கு அந்தத் தாளைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக எழுதினார்கள்? எழுதினவருக்கே விளங்கியிருக்குமா? நெட்டை மச்சான் தாளை வாங்கி வாசித்துவிட்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

“வளி எண்டா எங்க மிஸ் நோகும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மற்றவர்களை விட அதிகமாகச் சிரித்தேன். அடுத்த நாளே மனேஜரிடம் போய், இந்தத் தாளை ஆட்களுக்கு விளங்குகிற தமிழில் நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்கு ஒரு தலையிடி குறைந்தது. தகரப் பலகை ஒன்று, வெள்ளைப் பெயின்ற், கறுப்புப் பெயின்ற், ஒரு தூரிகை, இவ்வளவும் எடுத்துக்கொள்ள அனுமதி தந்தார்.

மூன்று நாள் யோசித்துத்தான் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் ஆட்களிடம் வாசித்துக் காட்டி, விளங்குகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். தோல் உடுப்பு இல்லாமல் குச்சியைத் தொடாதே, நைலோன் சேட்டோடு வராதே. மூடிக் கிடக்கிற பீப்பாயையோ பெட்டியையோ உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் துளைக்காதே. துளைக்கும்போது குச்சியை முதலில் சரித்துப் பிடி, உருகின இரும்பு திரும்பி உன் மேலேயே துப்பும், வழி கிடைத்த பிறகு நிமிர்த்து. குச்சி ஒரு சாண் மிஞ்சும்போதே நிறுத்து, கைப்பிடி வரை எரிய விடாதே. இவற்றுக்கு இடையே நாலாவதாக, காத்துக் குழாயில் எண்ணெய், கிறீஸ் படக் கூடாது. ஏழாவதாக, தாங்கிக்குள் வேலை செய்யும்போது எந்நேரமும் காத்து விட்டுக்கொண்டே இருக்கவும், காத்து இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

நாலாவதில் காத்து ஒட்சிசன். ஏழாவதில் காத்து வெறும் காற்று, புளோவர் வைத்து ஊதுகிற காற்று. ஒரே பலகையில், மூன்று வரி இடைவெளியில், ஒரே சொல்லை இரண்டு பொருளில் எழுதினேன். என் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசித்துக் காட்டினபோது ஓம், ஓம் என்று தலையாட்டிய பன்னிரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர்கள் இரண்டு இடத்திலும் ஒன்றையே விளங்கிக்கொண்டிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். காற்று என்று இலக்கண சுத்தமாக எழுதுவதா, காத்து என்று அவர்கள் வாயில் வருகிறபடி எழுதுவதா என்று மட்டும் ஒரு இரவு யோசித்தேன். காத்து என்றே எழுதினேன். எழுத்துப் பிழை விடுவதற்குக்கூடத் துணிவு வேண்டும் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். வெட்கம் கெட்ட பெருமை அது. நான் பகிடி பண்ணின அந்தக் கொழும்புத் தாளில் வளி வேறாகவும் ஒட்சிசன் வேறாகவும் கிடந்தன. யாருக்கும் விளங்காத தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்.

அது ஒரு பழைய பார்ஜ். சொந்த இயந்திரம் இல்லாமல் கட்டி இழுத்துக்கொண்டு போகிற தட்டைக் கப்பல். அதன் மேல்தட்டில் கயிறு மாட்டும் தடித்த வார்ப்பிரும்புக் குற்றி ஒன்று, அடி கீழே தாங்கிக்குள் இறங்கியிருந்தது. மேலே வெட்டியாகிவிட்டது; அடியை உள்ளே போய்த்தான் வெட்ட வேண்டும். எல்லாம் முறைப்படி செய்தார்கள். முதல் நாளே தாங்கியைக் கழுவி, மூடி திறந்து வைத்து, வாயு பார்க்கிற கருவியை இறக்கிப் பார்த்து, புளோவரைப் பூட்டி ஊதவிட்டுத்தான் நெட்டை மச்சான் இறங்கினார். என் பலகையைக் கட்டை மச்சான் தூக்கிக்கொண்டு போய், ஆள் இறங்குகிற ஓட்டைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். அதை அவர் எந்த வேலைக்கும் தூக்கிக்கொண்டு போவார். நான் எழுதினது என்ற மரியாதை.

காலை பத்து மணியளவில் கரண்ட் போனது. எங்களுக்கு அது புதிய விஷயம் இல்லை. களஞ்சியத்தில் காற்றாடி நின்றது, நான் துண்டுச் சீட்டுக் கட்டை எடுத்து விசிறிக்கொண்டேன். பார்ஜில் புளோவர் நின்றது. பிறகு நடந்ததைக் கட்டை மச்சான் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார், ஒரு சொல்லும் மாறாமல். கரண்ட் போய்விட்டது, ஏறி வா மச்சான் என்று இவர் கூப்பிட்டார். குற்றியில் அரைவாசி வெட்டியாகிவிட்டது, ஆறினால் பிறகு முதலிலிருந்து வர வேண்டும், கொஞ்சம் காத்து விடு மச்சான் என்று அவர் உள்ளேயிருந்து சொன்னார். இவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். காத்து இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று அங்கே இருந்தது. பக்கத்தில் இன்னொரு காத்துச் சிலிண்டர் நின்றது. ஒரு குழாயை அதில் பூட்டி ஓட்டைக்குள்ளால் இறக்கி, திருகைத் திறந்துவிட்டார்.

உள்ளேயிருந்து, நல்லா இருக்கு மச்சான், குளிருது என்று குரல் வந்ததாம். அதற்குப் பிறகு அவர் புதுக் குச்சியைச் செருகிப் பற்றவைத்தார்.

ஒட்சிசன் தானாக எரியாது. எரிவதை எரிய வைக்கும். ஒட்சிசன் ஊறின சேட்டும் மயிரும் தோல் உடுப்பும் ஒரு பொறியோடு பஞ்சாக எரியும். தாங்கி நிறைய அதுதான் இருந்தது. கட்டை மச்சான் குனிந்து, கையை உள்ளே விட்டு, எரிகிற ஆளைத் தோளில் பிடித்து மேலே இழுத்தார். அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்தன. நான் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது மணல் வாளி கவிழ்ந்து கிடந்தது, இருவரும் மேல்தட்டில் கிடந்தார்கள், பலகை சாத்தின இடத்திலேயே இருந்தது. அதை நான் அப்போது வாசித்தேன். ஏழாவது வரியில் என் கண் நின்றது. அந்த நிமிடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

நெட்டை மச்சான் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் மூன்று தடவை போனேன். கட்டை மச்சானும் அங்கேயே வேறு வாட்டில் இருந்தார். இரண்டு கையும் கட்டுப்போட்டு, தலையணை மேல் வைத்திருந்தார்கள். தேத்தண்ணியைக்கூட யாராவது பருக்க வேண்டும். நாலாம் நாள் அவரை நடக்க விட்டபோது மச்சானைப் பார்க்கப் போயிருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாராம். மச்சானுடைய மூக்கிலும் வாயிலும் ஒட்சிசன் முகமூடி போட்டிருந்தது. திரும்பி வந்து கட்டிலில் இருந்துகொண்டு, தலையைச் சுவரோடு சாய்த்தபடி, என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஆஸ்பத்திரியில மனுசனுக்குக் குடுக்கிற காத்துத்தானே மிஸ் நான் விட்டது?”

கொரோனாக் காலத்தில் இதே காத்துச் சிலிண்டருக்காக நாங்கள் எல்லோரும் அலைந்தது எனக்கு நினைவு வந்தது. யாட்டுக்குக்கூட ஆட்கள் வந்து கேட்டார்கள். அது கிடைக்காமல் செத்தவர்களை அவர் கண்டிருக்கிறார். அது உயிர் கொடுக்கிற பொருள் என்றுதான் அவருக்குத் தெரியும். அதைக் கூட்டி விட்டால் கேடு என்று யார் அவருக்குச் சொன்னது? கொழும்புத் தாள் சொன்னது. நான் அதை வெட்டி எறிந்துவிட்டு எளிமையாக எழுதினேன்.

ஒன்பதாம் நாள் நெட்டை மச்சான் மௌத்தானார். ஜனாஸா அடக்கத்துக்குக் கட்டை மச்சானை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள், ஆனால் வீட்டார் அவரை உள்ளே எடுக்கவில்லை. அந்த வீடு அவருடைய மனைவியின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டில்தான் இருப்பார். அவள் கதவைச் சாத்தினால் அவருக்கு வீடு இல்லை. மகனை எரித்தவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று மாமி சொன்னதாகவும், அவருடைய மனைவி அதற்கு ஒன்றும் சொல்லாமல் நின்றதாகவும் அறிந்தேன். அவர் மூதூரில் தன்னுடைய உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். விசாரணை முடிந்தால் உண்மை தெரியும், தெரிந்தால் மனைவி கூப்பிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். நானும் அதையே நம்பினேன். ஒருவரைத்தான் கொன்றாகிவிட்டது, மற்றவருடைய குடும்பத்தையாவது சேர்த்து வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

தொழில் திணைக்களத்தின் விசாரணை ஒரு முற்பகலில், மேசை நிறையக் கோப்புகளுள்ள ஓர் அறையில் நடந்தது. அதிகாரி நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். கட்டை மச்சானுக்குக் கதிரை போடச் சொன்னார், கைக் கட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. கட்டை மச்சானுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், வெளியூர்க்காரர், மிகவும் கவனமான ஆள்.

உள்ளே இருந்தவர் என்ன கேட்டார் என்று அதிகாரி கேட்டார். காத்து கேட்டார் என்றார் கட்டை மச்சான். காற்று கேட்டார் என்று மொழிபெயர்ப்பு போனது. நீர் என்ன கொடுத்தீர்? காத்து கொடுத்தேன். காற்றுக் கொடுத்தாராம். அதிகாரி கோப்பைப் பார்த்தார், நிமிர்ந்தார். அது ஒட்சிசன் சிலிண்டர் அல்லவா? ஓம், காத்து என்றார் இவர். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டு, அது காற்று என்று சொல்கிறார் என்றார். அதிகாரியின் முகம் மாறியது. தப்பிக்கப் பார்க்கிறான் என்று அவர் நினைத்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

என் முறை வந்தபோது நானே ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் யாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒட்சிசன் என்றுதான் பொருள், பலகை எழுதியது நான், பிழை என்னுடையது, அவர் எழுதியிருந்ததைத்தான் செய்தார் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். ஏழாவது வரியின் மொழிபெயர்ப்பை எடுத்து ஆங்கிலத் தாளோடு ஒத்துப் பார்த்தார். காற்று விட வேண்டும் என்று அதில் இருக்கிறது, காற்று விட வேண்டும் என்று உங்கள் பலகையிலும் இருக்கிறது, இது சரியான மொழிபெயர்ப்புத்தானே என்றார். அப்படியானால் நாலாவது வரியைப் பாருங்கள், காற்றுக் குழாயில் எண்ணெய் பட்டால் யாருக்கு என்ன, அது ஒட்சிசன் குழாய் அல்லவா என்றேன். அவர் பார்த்தார். ஓம், நாலாவதில் ஒரு சிறிய பிழை விட்டிருக்கிறீர்கள், ஆனால் விபத்து நாலாவதால் நடக்கவில்லையே என்றார். மொழிபெயர்ப்பாளரும் உதவி செய்வதாக நினைத்து, காற்று என்பதை எழுத்துப் பிழையாகக் காத்து என்று எழுதியிருக்கிறார்கள், பொருள் மாறாது என்று சொல்லி வைத்தார்.

நான் குரலை உயர்த்தினேன். எனக்குக் கோபம் வந்தால் கதை தடுமாறும். ஆங்கிலத்தில் இரட்டிப்பாகத் தடுமாறும். இந்த ஊரில், இந்த யாட்டில், இந்த ஆட்களின் வாயில் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அதிகாரி, சக ஊழியர்மேல் உங்களுக்கு இருக்கிற இரக்கம் விளங்குகிறது என்றார். அவ்வளவுதான். துண்டுக் கட்டுகளைக் கொண்டு வந்து காட்டுகிறேன், பதினாறு வருடமாகக் காத்து என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். அது தேவைப்படாது என்று எழுந்தார்.

தீர்மானம் இரண்டு மாதத்தில் வந்தது. அறிவுறுத்தல்களை மீறி, தன்னிச்சையாக ஒட்சிசனைத் திறந்துவிட்டதே விபத்துக்குக் காரணம். அதோடு ஒரு பாராட்டும் இருந்தது: நிறுவனம் தொழிலாளரின் சொந்த மொழியில், எளிய நடையில், அறிவுறுத்தல் பலகை வைத்திருந்தது குறிப்பிடத்தக்கது. மனேஜர் அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டினார். பலகையை அதற்கு முதலே கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார்கள். அதன் இடத்தில் இப்போது கொழும்புத் தாள், கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வளியோட்டம் உறுதிப்படுத்தப்படல் வேண்டும்.

கட்டை மச்சானுக்கு வேலை போனது. ஒரு நாள் மதியம் யாட்டின் வெளிக் கேற்றில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கைக் கட்டு அவிழ்த்திருந்தார்கள், தோல் சுருங்கி இளஞ்சிவப்பாக இருந்தது, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. உள்ளே வாருங்கள் என்றேன், மாட்டேன் என்றார். வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பொண்டாட்டிட்ட மட்டும் ஒருக்கா வந்து சொல்லுங்க மிஸ். எழுதியிருந்ததைத்தான் செஞ்சனான் எண்டு. எழுதின நீங்க சொன்னா நம்புவா.”

அடுத்த வெள்ளிக்கு முதல் நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பலகையின் படம் என் ரெலிபோனில் இருந்தது. எழுதி முடித்த அன்று பெருமைக்கு எடுத்தது. கிண்ணியாப் பாலம் தாண்டி இறங்கியபோது அவர் மூதூரிலிருந்து வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றார். நல்ல சேட் ஒன்று போட்டு, தாடியை ஒழுங்காக வெட்டியிருந்தார். கூட வருவதற்கு அவருக்கு முகம் இல்லை. நான் போய்ச் சொன்னதும் கூப்பிடுவார்கள் என்று அங்கேயே நின்றுகொண்டார். எனக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்து, வீட்டின் அடையாளத்தை ஓட்டோக்காரரிடம் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டு வாசலில் அவருடைய மனைவியே நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், அண்ணனின் உயரம் அப்படியே இருந்தது. நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அறைக்குள் கிழவி இருமுகிற சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். யாட்டில் எதைக் காத்து என்போம், நான் என்ன எழுதினேன், அவர் ஏன் அதைத் திறந்தார், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, படத்தைப் பெரிதாக்கி அவள் கையில் கொடுத்தேன். அவள் ஏழாவது வரியை வாய்க்குள்ளே வாசித்தாள். திரும்பவும் ஒரு தடவை வாசித்தாள்.

“சரியாத்தானே அக்கா எழுதியிருக்கீங்க. உள்ளுக்கு ஆள் இருந்தா காத்து விடத்தானே வேணும்.”

“அவர் அதைத்தான் விட்டவர்” என்றேன். “யாட்டில ஒட்சிசனுக்குப் பேரே காத்துத்தான்.”

அப்படி ஒரு கதையைத் தன் வீட்டில் கேட்டதே இல்லை என்றாள். அண்ணனை அவள் நானா என்பாள்; நானாவும் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் வேலைக் கதை கதைக்க மாட்டார்கள். காத்து என்றால் காத்துத்தானே, யன்னலைத் திறந்தால் வருவதுதானே. அவள் கோபமாகப் பேசவில்லை. எனக்கு விளங்க வைக்கிற மாதிரிச் சொன்னாள். அந்தக் கணத்தில் அவள் சொன்னது எனக்கே சரியாகப் பட்டது. பதினாறு வருடம் துண்டில் எழுதின சொல், பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் வெறும் காற்றாகப் போய்விட்டது.

பிழை அவருடையது இல்லை, என்னுடையது, நான் இரண்டு பொருள் வருகிற மாதிரி எழுதிவிட்டேன், உங்கள் அண்ணனைக் கொன்றது என் பலகைதான் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். இதைச் சொன்னால் அவள் என்னை அடிப்பாள் என்றுகூட நினைத்திருந்தேன். அடித்திருந்தால் நல்லது. அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு நல்ல மனசு அக்கா. அவருக்காகப் பொய் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.”

பொய் இல்லை என்றேன். தலையை ஆட்டினாள். பெரிய பெரிய ஆட்கள் விசாரித்து எழுதித் தந்த கடதாசி அலுமாரிக்குள் இருக்கிறது என்றாள். நீங்கள் எழுதினது சரி என்று அதிலேயே இருக்கிறதாம், யாரோ வாசித்துச் சொன்னார்களாம். உங்களைப் புகழ்ந்துகூட எழுதியிருக்கிறார்கள், நீங்கள் ஏன் அக்கா பழியைத் தலையில் போடுகிறீர்கள் என்று கேட்டாள். பிறகு அவர் சாப்பிடுகிறாரா, கை மடங்குகிறதா என்று விசாரித்தாள். மடங்கவில்லை என்றேன். என் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். இனி யாரையும் அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றாள். கேற் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

தரிப்பிடத்தில் அவர் ஓட்டோவைக் கண்டதும் எழுந்து இரண்டடி முன்னே வந்தார். நான் தனியாக இறங்குவதைப் பார்த்துவிட்டு நின்றார். சொன்னீர்களா என்று கேட்டார். எல்லாம் சொன்னேன் என்றேன். என்ன சொன்னாள் என்றார். அவர் இவ்வளவு காலமும் என்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை.

“நான் நல்லவளாம்” என்றேன்.

அவருக்கு விளங்கியது. மடங்காத விரல்களால் சேட்டின் முன்பக்கத்தைத் தடவிச் சரிசெய்துகொண்டார். திருகோணமலை பஸ் வந்தது. கை கொடுத்து என்னை ஏற்றிவிட அவரால் முடியவில்லை, ஏறும் வரை பக்கத்தில் நின்றார். பிறகு வீதியைக் கடந்து மூதூர் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.